அனுமதி கேட்டவர்கள்

விசாரணையின் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று சாட்சிகள் விழுந்துவிட்டார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டு விழவில்லை. நல்ல பழக்கத்தால் விழுந்தார்கள்.

முதலில் பிக்கர்ஸ்கில் தம்பதி. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலையும் ஆறுமாக நடப்பவர்கள். இருவருக்கும் ஒரே நீலத்தில் மழைக்கோட்டு. நிலக்காரர் தரப்பு வக்கீல் ஹாலம் எழுந்து, அத்தை வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி இனிமையாக ஒரு கேள்வி கேட்டார்.

"கெல்டன் பண்ணை வழியாக் கூட்டத்தைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அப்ப இருந்த விவசாயி ஐவ்சன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குவீங்களா?"

"பின்ன?" என்றார் திருமதி பிக்கர்ஸ்கில். "முன்னாடி நாள் சாயங்காலமே போன் போட்டுருவேன். அவர் சம்சாரம்தான் எடுப்பாங்க. தாராளமா வாங்கம்பாங்க. இருபது பேர் திடுதிப்புனு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுதான்," என்றார் ஹாலம். உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஓய்வுபெற்ற பாதிரியார். அவர் போன் போடவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பியிருக்கிறார். 'இந்த ஆண்டும் உங்கள் நிலத்தில் நடக்க விட்டதற்கு நன்றி' என்று உள்ளே எழுதி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஹாலம் அவருக்கு நன்றி சொன்னார்.

ஆஸ்வித் ஊர்க் கூடத்தின் கடைசி வரிசையில் ஹெட்லி ஆல்டர்சன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மேவிஸ் ராப்சன். நடைச் சங்கத்தின் செயலாளர், எழுபத்திரண்டு வயது, இந்த வழக்கைப் போட்டதே அவள்தான். கையிலிருந்த பென்சில் முனை உடைந்து போயிருந்தது.

"தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்குறாங்க," என்று முணுமுணுத்தாள். "நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டு நடந்தா அது உரிமை இல்ல, தயவுன்னு."

சட்டம் அப்படித்தான். இங்கிலாந்தில் ஒரு வழியில் ஊரார் இருபது வருஷம் பூட்டை உடைக்காமல், ஒளிந்து போகாமல், யாரையும் கேட்காமல் நடந்திருந்தால் அது பொதுவழி. பிறகு அரசனே வந்தாலும் அடைக்க முடியாது. கேட்டுக்கொண்டு நடந்திருந்தால் அத்தனை வருஷமும் கணக்கில் வராது. ஐவ்சன் செத்து, பண்ணையை லீட்ஸிலிருந்து வந்த ப்ரைஸ் வாங்கினார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2010இல் இரண்டு பக்கக் கதவிலும் சங்கிலி போட்டார். ஆஸ்வித்திலிருந்து ஹாரல் ஆற்றோரமாகக் கெல்டன் மடத்து இடிபாட்டைத் தொட்டுக்கொண்டு கிர்க்பெக் வரை போகும் நான்கு மைல் வழி அத்தோடு நின்றது. வரைபடத்தில் அந்த வழி கிடையாது. அந்தக் காலத்தில் வரைபடம் போட வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். யாரும் கவலைப்படவில்லை. நடக்கிற வழிக்கு எதற்குக் கோடு என்று இருந்துவிட்டார்கள்.

பதினாறு பேர் சாட்சிப் படிவம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்போது பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டு பேர் வருஷத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை நடந்தவர்கள். மிச்சமிருந்த ஒருவன் ஹெட்லி. 1989 ஏப்ரலிலிருந்து சங்கிலி விழுந்த நாள்வரை, உடம்புக்கு முடியாத நாள் தவிர்த்து, தினமும்.

மேவிஸ் அவன் முழங்கையைத் தட்டினாள். "நாளைக்குக் காலைல நீதான் கண்ணு. உன்னை மட்டும் அந்த ஆளால ஒண்ணும் பண்ண முடியாது."

ஹெட்லி தலையை ஆட்டினான். ஆனால் அவனும் கேட்டிருந்தான்.

கேட்டது ஒரே ஒரு தடவை. கிர்க்பெக்கில் பாலாடைக்கட்டி ஆலையில் அப்போது இரவு ஷிஃப்ட். ஆறு மணிக்கு விடுவார்கள். முதல் பஸ் எட்டேகாலுக்கு. அதனால் ஆற்றோரமாக நடந்தே வீட்டுக்கு வர ஆரம்பித்தான். ஆட்டுக்குட்டி போடும் பருவம். அந்த வருஷம் பள்ளத்தாக்கில் ஆட்டுத் திருட்டு வேறு. விடிகாலையில் முகம் தெரியாத ஒருவன் முதுகில் பையோடு மந்தைக்கு நடுவே போனால் விவசாயி துப்பாக்கியைத்தான் முதலில் எடுப்பான். எனவே முதல் வாரமே ஐவ்சன் வீட்டுக் கதவைத் தட்டினான். வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான். அதற்குப் பிறகு ஐவ்சனோடு பேச்சே இல்லை. கண்டால் அந்த மனிதர் முகவாயை ஒரு அங்குலம் தூக்குவார். ஹெட்லியும் தூக்குவான். பதினெட்டு வருஷம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேவிஸின் சமையலறையில் படிவம் எழுதும்போது பன்னிரண்டாவது கேள்வி வந்தது. 'இவ்வழியைப் பயன்படுத்த எப்போதேனும் எவரிடமேனும் அனுமதி கேட்டதுண்டா?' மேவிஸ் அடுப்பருகே நின்றபடி, "அதுல எவனாவது ஆமான்னு போட்டுத் தொலைச்சா அந்த ஆளோட அத்தனை வருஷமும் ஆத்துல போச்சு," என்றாள். ஹெட்லி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். மேவிஸ் அவன் தட்டில் இன்னொரு துண்டு இஞ்சி கேக் வைத்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் விசாரணை அதிகாரி திருமதி ஆக்டன் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். குள்ளமான, நரைத்த பெண்மணி. காலில் பல தடவை மெழுகு தேய்த்துக் கறுத்துப்போன தோல் பூட்ஸ். அதைப் பார்த்ததுமே மேவிஸ் காலையில், "இவங்க நடக்குற ஆளு," என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு மழைன்னு சொல்றாங்க," என்றார் அதிகாரி. "வழியை இன்னிக்கே பாத்துருவோம். ரெண்டு தரப்பும் வரலாம். ஒரே ஒரு விதி. நடக்கும்போது வழக்கைப் பத்தி எங்கிட்டயோ, என் காதுல விழற மாதிரியோ பேசக் கூடாது. இதோ சுவர், இதோ கதவுன்னு காட்டலாம். வானிலையைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

பதினோரு பேர் கிளம்பினார்கள். முன்னால் அதிகாரி, கையில் அளவு நாடாவும் வரைபடமும். பின்னால் மேவிஸ். ஹாலம் நகரத்துக் காலணியோடு வந்தவர், ப்ரைஸ் கொடுத்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தளக் தளக்கென்று நடந்தார். கடைசியில் ஹெட்லி.

ஹாரல் ஆறு பால் விடாத டீ நிறம். மேலே மேட்டுச் சதுப்பிலிருந்து வரும் நிறம் அது, அழுக்கில்லை. பாறைக்குப் பாறை வெள்ளை மார்போடு ஒரு குண்டுப் பறவை உட்கார்ந்து மண்டியிட்டு எழுவதும் தண்ணீருக்குள் நடந்து போவதுமாக இருந்தது. பொதிக்குதிரைகள் போன காலத்துக் கல்பாலத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. மூட்டை இடிக்கக் கூடாது என்று வைக்காமலே விட்டது. சுமையோடு குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கடக்க முடியும். அதிகாரி நடுவில் நின்று அகலத்தை அளந்தார். ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. இருநூற்றைம்பது வருஷமாக அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஈயம் உருக்கிய ஆலையின் புகைபோக்கி மட்டும் மலைச்சரிவில் ஒற்றையாக நிற்கிறது. அதைத் தாண்டினால் காடு. ஏப்ரல் கடைசி, காட்டுப்பூண்டு தரை முழுக்க வெள்ளையாகப் பூத்து, நாசியில் நேராக ஏறியது. காட்டின் முடிவில் ப்ரைஸின் சங்கிலிக் கதவு. அவரே சாவியைப் போட்டுத் திறந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் பழைய கல்சுவர். அதில் கடவுப்படி, அதாவது ஆள் ஏறித் தாண்ட மூன்று நீண்ட கல்லைச் சுவரிலேயே சொருகி இரண்டு பக்கமும் நீட்டி வைத்தது. நடுப்படி கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. அதிகாரி கதவு வழியாகப் போகவில்லை. கடவுப்படியில் ஏறினார். அவர் பூட்ஸ் அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கணம் அங்கேயே நின்றார்.

"எவ்வளவு தேய்ஞ்சிருக்கு பாருங்க," என்றாள் மேவிஸ்.

"திருமதி ராப்சன்."

"கல்லைத்தாங்க காட்டுனேன்."

"காட்டியாச்சு. பாத்தாச்சு."

"மழை பெய்ஞ்சு ஒரு கல்லு இவ்வளவு தேயாதுன்னு மட்டும் சொல்லிக்கிறேன். மழை வானிலைதானே?"

ஹாலம் தொண்டையைச் செருமினார். அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

புல்வெளியில் ப்ரைஸ் வேகத்தைக் குறைத்து ஹெட்லியோடு சேர்ந்துகொண்டார். ஐம்பது வயது, பெரிய தோள், வெயில் படாத முகம். கண்ணாடி ஜன்னல் வியாபாரத்தில் சம்பாதித்தவர் என்று ஊரில் பேச்சு.

"நீங்கதானே விடியக்காலைல போற ஆளு?"

"ஆமா."

"முதல் வருஷம் உங்களைப் பாத்துத்தான் டீக்குக் கெட்டில் போடுவேன். ஆறு நாப்பது."

"ஆறு நாப்பத்தஞ்சு. உங்க கடிகாரம் முந்துது."

ப்ரைஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உங்களால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஞாயித்துக்கிழமைதான். பல்லு தேய்ச்சிட்டு நிமிந்தா ஜன்னலுக்கு வெளிய முப்பது பேரு மேப்பை விரிச்சிக்கிட்டு நிக்குறாங்க. ஒரு அம்மா எனக்குக் கையாட்டுனாங்க. நான் துண்டோட நிக்கிறேன்."

"பிக்கர்ஸ்கில் அம்மாவா இருக்கும். மரியாதை தெரிஞ்சவங்க."

"மரியாதைதான்," என்றார் ப்ரைஸ். கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு முன்னால் போனார். மோசமான மனிதர் இல்லை. அமைதி வேண்டும் என்று விலை கொடுத்து வாங்கியவர், அதற்குள் ஒரு வழி ஓடுவதைப் பிறகுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

மடம் ஆற்று வளைவில் இருந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அரசன் ஆட்கள் வந்து கூரை ஈயத்தை உருக்கி எடுத்துப் போனார்கள். சுவரை ஊரார் எடுத்து ஆட்டுப்பட்டி கட்டினார்கள். எடுக்க முடியாத உயரத்தில் இருந்ததால் கிழக்குச் சுவர் ஜன்னல் தப்பித்தது. அறுபதடி. உள்ளே கண்ணாடி இல்லை, பின்னால் கட்டடம் இல்லை. மெல்லிய கல் நரம்புகள் மேலே போய் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தன.

ஹெட்லிக்குக் கடவுள் விஷயத்தில் அக்கறை இல்லை. ஆனால் இந்த ஜன்னலைக் கட்டியவனுக்கு வேலை தெரிந்திருந்தது. எட்டு மணி நேரம் திரிந்த பால்கட்டியைக் கிளறிவிட்டுக் கை மரத்துப் போய் இந்த இடத்துக்கு வரும்போது சூரியன் சரியாகக் கீழ்ப்பக்க நரம்பைத் தொட்டிருக்கும். பனிக்காலத்தில் அந்தக் கற்கள் வெள்ளையாகப் புகையும். மார்ச்சில் ஒரு பத்து நாள், வெளிச்சம் ஜன்னலின் முழு உருவத்தையும் எதிர்ப்புல்லில் படுக்க வைக்கும். அதற்குள் ஆடுகள் மேயும். அவன் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நடந்துகொண்டே பார்ப்பான். நின்றால் தூக்கம் வந்துவிடும். ஆலையில் அவன் பத்தொன்பது வருஷம் தாக்குப் பிடித்ததே இந்த வழியால்தான் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் பாதி ஷிஃப்டில் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலையை விட்டு வந்தான். நடையை விடவில்லை.

அதிகாரி ஜன்னலுக்குக் கீழே போய் நின்று தலையை அண்ணாந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹாலமும் அண்ணாந்தார். அவருடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. பதினோரு பேரும் அண்ணாந்து நின்றார்கள்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை. நாளைக்கு அதைச் சொன்னால் போதும். ஐவ்சன் கல்லறையில். கேட்டதற்குச் சாட்சி யாரும் இல்லை. சொன்னால் வழி பிழைக்கும். உண்மையைச் சொன்னால் இருபத்தோரு வருஷமும் போய், பன்னிரண்டு பேரின் நாலு தடவையும் ஐந்து தடவையும் மட்டும் மிஞ்சும். அதை ஹாலம் மாலைக்குள் ஊதித் தள்ளிவிடுவார்.

சொல்லிவிடுவது என்று ஹெட்லி முடிவு செய்தான். பொய்யைத்தான்.

மறுநாள் மழை சொன்னபடியே வந்தது. தகரக் கூரையில் அதன் சத்தத்துக்கு மேல் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ஹெட்லி சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தான். ஹாலம் தேதிகளைக் கேட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்தப் பக்கம் நடப்பீர்கள், யாராவது தடுத்தார்களா. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே, "பன்னெண்டாவது கேள்வி. அனுமதி கேட்டீங்களான்னு. இல்லைன்னு டிக் பண்ணியிருக்கீங்க. சும்மா உறுதிப்படுத்திக்கத்தான் கேக்குறேன்," என்றார்.

வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஹெட்லி பெரிய யோக்கியன் ஒன்றும் இல்லை. ஆலையில் பீப்பாய்க்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டு மேஸ்திரியிடம் ஆயிரம் பொய் சொன்னவன். ஆனால் வாழ்க்கையில் அவன் ஒழுங்காக, தினமும், யாரும் சொல்லாமல் செய்த ஒரே காரியம் அந்த நடை. அதைப் பற்றிப் பேசும்போது வாயில் பொய் வருவது அவனுக்கே பிடிக்கவில்லை.

"கேட்டேன்."

ஹாலம் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"கேட்டேன்னு சொன்னேன். எம்பத்தொம்பது ஏப்ரல்ல. நடக்க ஆரம்பிச்ச முதல் வாரம். கதவைத் தட்டிக் கேட்டேன். படிவத்துல போட்டது பொய்."

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஹெட்லி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்ப மொத்தமும் கேட்டுக்கிட்டு நடந்த நடை."

"ஒரு தடவைதான் கேட்டேன்."

"ஒரு தடவை போதும், மிஸ்டர் ஆல்டர்சன்," என்று சொல்லி ஹாலம் உட்கார்ந்தார். இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று தெரிந்த வக்கீல்.

அதிகாரி எழுதி முடித்தார். ஹெட்லி எழுந்திருக்கப் போனான். அவர் பேனாவால் உட்காரச் சொன்னார்.

"நீங்க கேட்டீங்க. சரி. அவர் என்ன சொன்னார்?"

"மேடம்," என்று ஹாலம் பாதி எழுந்தார், "என் தரப்புல அதைக் கேக்கல."

"நான் கேக்குறேன். உக்காருங்க."

ஹெட்லி கூடத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் பாதிரியார். "அப்படியே சொல்லணுங்களா? பெரியவங்கல்லாம் இருக்காங்க."

"அப்படியே."

"வெறும் சாக்ஸோட வந்து கதவைத் திறந்தாரு. கையில டீ. நான், 'ஐயா, உங்க நிலத்து வழியா தினம் நடந்து போய்க்கலாமா'ன்னு கேட்டேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு," ஹெட்லி நிறுத்தினான். "'ராத்திரி பூரா பால் நாத்தத்துல மூளை திரிஞ்சு போச்சாடா, கூமுட்டை? அது என்னோட வழியா, நான் உனக்குக் குடுக்குறதுக்கு? எங்கப்பன் பொறக்குறதுக்கு முன்னாடியே ஊர்க்காரன் நடந்த வழி. நான் குடுக்கவும் முடியாது, மறிக்கவும் முடியாது. நடக்கணும்னா நட. இன்னொரு தடவை இதைக் கேக்க என் கதவைத் தட்டுனே, நாயை அவுத்து விட்டுருவேன்'னாரு. கதவை அறைஞ்சு சாத்திட்டாரு."

மழை தகரத்தில் கொட்டியது. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு, ரயில் நேரம் படிப்பது போன்ற குரலில், எழுதியதைத் திருப்பிப் படித்தார்.

"'மூளை திரிந்து போச்சா, கூமுட்டை. அது என்னோட வழியா, நான் உனக்குக் கொடுக்க.' சரிதானா?"

"'பால் நாத்தத்துல'ன்னு ஒண்ணு விட்டுட்டீங்க, மேடம்."

"சேத்துக்குறேன்." சேர்த்தார். "'கொடுக்கவும் முடியாது, மறிக்கவும் முடியாது.' இந்த வார்த்தையேதானா? இருபத்து மூணு வருஷம் ஆச்சே."

"அந்த மாதிரி ஒரு திட்டு அதுக்கு முன்னாடியும் வாங்கல, பின்னாடியும் வாங்கல. மறக்காதுங்க."

பாதிரியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இதை ஏன் படிவத்துல எழுதல?"

"கேட்டியான்னுதான் இருந்துச்சு. என்ன பதில் வந்துச்சுன்னு எழுதக் கட்டம் இல்ல. அதுவும் இல்லாம, கூமுட்டைன்னு திட்டு வாங்குனதை யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா? நான் கேட்டதுதான் தப்புன்னு நெனச்சேன். அவர் சொன்னதுல இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு இப்பச் சொல்லும்போதுதான் தோணுது."

அதிகாரி ஹாலத்தைப் பார்த்தார். "மேற்கொண்டு ஏதாவது?"

ஹாலம் ப்ரைஸைப் பார்த்தார். ப்ரைஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுவும் இல்ல, மேடம்."

விசாரணை முடிந்து கூடத்துக்கு வெளியே வந்தபோது மேவிஸ் தன் காருக்குப் பக்கத்தில் குடையில்லாமல் நின்றாள். பிக்கர்ஸ்கில் தம்பதி அவளைப் பார்த்ததும் வேறு பக்கமாகச் சுற்றிப் போனார்கள்.

"ரெண்டு வருஷம்," என்றாள் மேவிஸ். "ரெண்டு வருஷம் என் அடுப்படில உக்காந்து என் டீயைக் குடிச்சிருக்கே."

"சொன்னா வழி போயிரும்னு பயந்தேன்."

"சொல்லியிருந்தா மொதல் பக்கத்துலயே அதைப் போட்டிருப்பேன், மண்டு. நிலத்துக்காரனே பொதுவழின்னு ஒத்துக்கிட்ட சாட்சி! அதை ஜோப்புல வச்சிக்கிட்டு, நான் கிறிஸ்துமஸ் அட்டைக்காரரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கேன்." மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. "எம் முகத்தைப் பாத்துப் பொய்யை டிக் அடிச்சே. நான் கேக் வேற வச்சேன்."

"மேவிஸ்..."

"பேசாத. ஜெயிச்சாலும் உங்கூடப் பேசமாட்டேன்."

"தோத்தா?"

"தோத்தா என் தெருப் பக்கமே வந்துராத." காரை எடுத்துக்கொண்டு போனாள். கியர் இரண்டு தடவை கத்தியது.

சொன்னபடி செய்தாள். மே மாதம் முழுக்கப் பேசவில்லை. ஜூனில் தபாலாபீஸ் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவள் திரும்பவே இல்லை. ஹெட்லி காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டினான், மாலையில் மீண்டும் ஓட்டினான், நடுவில் தார் ரோட்டோரமாக நடந்தான். லாரிகள் அவன் தொப்பியைத் தூக்கின. ரோட்டிலிருந்து பார்த்தால் கெல்டன் ஜன்னலின் தலை மட்டும் மரங்களுக்கு மேல் தெரியும். படிவத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதற்காகவே அவன் சாட்சி முழுதையும் தூக்கிப் போட அதிகாரிக்கு வழி உண்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த நினைப்போடு ஒன்பது வாரம் போனது.

ஜூலை முதல் சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. மேவிஸ். கையில் கவுன்சில் முத்திரை போட்ட தடித்த உறை, காலில் பூட்ஸ்.

"உள்ள வாங்க."

"வரமாட்டேன். நின்னுக்கிட்டே படிக்கிறேன், கேளு." கண்ணாடியை மாட்டினாள். "நாப்பத்தோராவது பத்தி. 'சாட்சி ஆல்டர்சன் படிவத்தில் அளித்த பன்னிரண்டாவது பதிலை நான் ஏற்கவில்லை. கூடத்தில் அவர் தமக்கே பாதகமாகும் என்று நம்பிக்கொண்டு சொன்னதை ஏற்கிறேன். காலஞ்சென்ற ஐவ்சன் அனுமதி தரவில்லை. தர தமக்கு உரிமையில்லை என்றார்.'" மேவிஸ் ஒரு பக்கத்தைத் தள்ளினாள். "ஐவ்சன் சம்சாரம் போன்ல 'தாராளமா வாங்க'ன்னது உபசாரமாம், அனுமதி இல்லையாம். அதனால பிக்கர்ஸ்கிலும் உள்ள வந்துட்டாங்க. பாதிரியார் மட்டும் வெளிய. எழுத்துல இருக்குல்ல." இன்னொரு பக்கம். "'ஆஸ்வித்திலிருந்து கிர்க்பெக் வரை பொது நடைவழி. உத்தரவு உறுதி செய்யப்படுகிறது.'"

ஹெட்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "முழுசாவா?"

"முழுசா. மடம் உட்பட. பாலத்துல அகலம் ஆறடிக்கு ரெண்டு அங்குலம் குறைச்சு." உறையை மடித்துக் கோட்டுக்குள் திணித்தாள். "பூட்ஸை மாட்டிக்கிட்டு வெளிய வா."

ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. பாலத்தைக் கடந்து, புகைபோக்கியைத் தாண்டி, காட்டுக்குள் நுழையும்வரை மேவிஸின் வாய் ஓயவில்லை. ஹாலத்தின் ரப்பர் பூட்ஸைப் பற்றி, அதிகாரியின் எழுத்துநடையைப் பற்றி, ஹெட்லியின் புத்தியைப் பற்றி.

"பேசமாட்டேன்னு சொன்னீங்க."

"உங்கூட யாரு பேசுறா? ஆத்தைப் பாத்துப் பேசிக்கிட்டு வர்றேன்."

கதவில் சங்கிலி இல்லை. மரத்தில் அது உரசிய தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. தூரத்தில் ப்ரைஸ் தன் சமையலறை ஜன்னலுக்கு முன்னால் வரிசையாகப் புதர்க்கன்று நட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகவாயை லேசாகத் தூக்கினார். பிறகு குனிந்து மண்ணைத் தள்ளினார். கன்று வளர ஐந்து வருஷம் ஆகும்; ஆனால் நல்ல ஜாதி, அடர்த்தியாக வரும்.

ஆனால் வழியைத்தான் காணோம். ஏப்ரலில் அந்த ஒரு தடவை தவிர இரண்டு வருஷம் யாரும் மிதிக்காத புல்வெளியில் ஜூலைப் புல் இடுப்புக்கு நின்றது. சுவரிலிருந்து மடம் வரைக்கும் ஒரே பச்சை. எங்கே நடந்தோம் என்பதற்கு அடையாளமே கிடையாது. ஹெட்லி அந்த உயரமான ஜன்னலைப் பார்த்தான், ஆற்று வளைவைப் பார்த்தான், கால் தானாக இடம் கண்டுபிடித்தது. புல்லை அழுத்தி மிதித்துக்கொண்டு நேராகப் போனான். மேவிஸ் அவன் மிதித்த இடத்திலேயே மிதித்து, திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.